உலர்பழம் சேர்த்த சமையல் கெட்டால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

ராமநாதபுரம் கரையோரக் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கத்து அடுக்களைகளுக்குப் பேரீச்சையும் கிஸ்மிஸும் புதுசு இல்லை. வளைகுடாவிலிருந்து வரும் பெட்டியில் இப்போது அவற்றோடு ஆப்ரிகாட், அத்தி, ப்ரூன் (உலர்ந்த பிளம்), கிரான்பெர்ரி, கிவி வட்டம், அன்னாசித் துண்டு, கருப்பாய்க் காய்ந்த லூமி எலுமிச்சை என்று நிறைய வந்து இறங்குகிறது. கிஸ்மிஸுக்குப் பழகிய கையோடு இவற்றையும் சட்டியில் போடுவதில்தான் சிக்கல். கிஸ்மிஸ் பொறுமையான பழம். நெய்யில் பொரித்தாலும் பாலில் கொதித்தாலும் பெரிதாக எதையும் கெடுக்காது. மற்றவற்றை அப்படி நம்ப முடியாது.

ஆகவே எதுவானாலும் முதலில் ஒரு துண்டை வாயில் போட்டு மெல்லுங்கள். புளிக்கிறதா? சர்க்கரைப் பாகில் ஊறியதுபோல் பல்லில் ஒட்டித் தித்திக்கிறதா? மூக்கில் தீக்குச்சி வாடை ஏறுகிறதா? புளிப்பு பாலைத் திரிக்கும். பாகு அடிப்பிடிக்கும். தீக்குச்சி வாடை என்றால் நிறம் மங்காமலிருக்கக் கந்தகப் புகை காட்டிய பழம். கடையில் விற்கும் கிரான்பெர்ரியும் அன்னாசியும் பப்பாளியும் பெரும்பாலும் பாகில் ஊறியவையே. பொட்டலத்தின் பின்பக்கம் பொருள் பட்டியலில் சர்க்கரை இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பால் திரிந்துவிட்டது

ஷீர் குர்மா, பிர்னி, பாயசம் மூன்றிலும் அதிகம் வரும் தொல்லை இது. பாலின் புரதம் புளிப்பைக் கண்டால் கட்டிப்படும். சூடு சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் கட்டிப்படும். ஆப்ரிகாட், கிரான்பெர்ரி, கிவி மூன்றும் புளிப்புப் பழங்கள். நறுக்கிக் கொதிக்கிற பாலில் போட்டால் ஐந்து நிமிடத்தில் திரி திரியாக ஒதுங்கிவிடும். பேரீச்சை, அத்தியில் இந்தப் பயம் குறைவு.

1 லிட்டர் பாலுக்கு 75 கிராம் ஆப்ரிகாட் போதும். வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, நறுக்கி, 100 மில்லி தண்ணீரும் 2 மேசைக்கரண்டி சர்க்கரையும் சேர்த்துத் தனிச் சட்டியில் 8 முதல் 10 நிமிடம் மசிய வேகவிடுங்கள். பாலை முக்கால் லிட்டராக வற்றவைத்து, 1 மேசைக்கரண்டி அரிசி மாவைக் குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றி, இரண்டு கொதி விட்டு இறக்குங்கள். இரண்டும் விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு பழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாலில் கலக்க வேண்டும். கருப்பட்டிப் பாயசத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பால் சேர்க்கிறோமே, அதே நிதானம்தான். அரிசி மாவு பாலுக்குக் கனம் கொடுத்துப் புரதம் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தாமதப்படுத்தும். அரிசி மாவு சேரும் பிர்னி சாதாரணப் பாயசத்தைவிட இவ்விஷயத்தில் தாங்குவதற்கு அதுதான் காரணம். கலந்த பிறகு மறுபடி சூடுகாட்டாதீர்கள்.

ஏற்கெனவே திரிந்துவிட்டதா? மணல்போல் லேசாகத் திரிந்திருந்தால் ஆறவைத்து மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிக் குளிரவைத்துப் பரிமாறலாம்; யாருக்கும் தெரியாது. தண்ணீர் தனியாகத் தெளிந்துவிட்டால் பாயசமாக அதை மீட்க முடியாது. அப்படியே அகலச் சட்டிக்கு மாற்றி, சர்க்கரை சேர்த்து வற்றக் கிளறினால் பொலபொலவென்று நல்ல பால்கோவா வரும். சோடா உப்பு போட்டுச் சமாளிக்கச் சிலர் சொல்வார்கள். திரிந்த பால் அதனால் திரும்பாது, சோப்பு ருசி ஒன்றுதான் மிச்சம்.

கிவி பற்றித் தனியாக ஒரு சொல். பாகில் ஊறாத, வெறுமனே உலர்த்திய கிவி பாலில் திரியாவிட்டாலும் அரை மணியில் கசக்கத் தொடங்கும். அதிலுள்ள நொதி பால் புரதத்தை உடைப்பதால் வருவது அது. பாலில் கிவியே வேண்டாம் என்பது எங்கள் தீர்மானம்.

கறி வெந்துவிட்டது, பழம் தோலாகக் கிடக்கிறது

ஆட்டுக்கறி ஆணத்தில் (குழம்பில்) ஆப்ரிகாட்டோ அத்தியோ போட்டு முக்கால் மணி கொதித்தும் பழம் ரப்பர்போல் இருந்தால், பழத்தைக் குறை சொல்லாதீர்கள். உப்பும் புளியும் எண்ணெயும் கலந்த குழம்பு பழத்துக்குள் தண்ணீரை எளிதில் விடாது. முதலில் வெறும் வெந்நீரைக் குடித்துப் பருத்த பழம்தான் பிறகு மசாலாவை ஏற்கும்.

இங்கே இன்னொரு காரணமும் உண்டு, ராமநாதபுரக் கரையில் அதைக் கவனிக்க வேண்டும். போர்த் தண்ணீர் பல ஊர்களில் உவர்ப்பும் கடினமும் கொண்டது. தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து பழத்தின் பெக்டினோடு சேர்ந்து தோலை இறுக்கிவிடும். பருப்பு வேகாத தண்ணீரில் ஆப்ரிகாட்டும் ஊறாது. விலை கொடுத்து வாங்கும் குடிநீரில் ஒரு டம்ளரை இதற்கு ஒதுக்குங்கள்.

100 கிராம் பழத்துக்கு 200 மில்லி வெந்நீர், மூடி போட்டு. பேரீச்சைக்கு 10 நிமிடம், கிரான்பெர்ரிக்கு 10, ப்ரூனுக்கு 15 முதல் 20, ஆப்ரிகாட்டுக்கும் மாம்பழப் பட்டைக்கும் 30 முதல் 40, முழு அத்திக்கு ஒரு மணி. கொட்டையோடு முழுசாய்க் காய்ந்த சிறு ஆப்ரிகாட்டை இரவே ஊறவைத்தாக வேண்டும். நடுவில் கிள்ளிப் பாருங்கள்; உள்ளே வெளுத்த கெட்டிப் பகுதி இருந்தால் இன்னும் ஊறவில்லை.

கறி முக்கால் பாகம் வெந்த பிறகு, கடைசி 15 நிமிடத்தில் பழம் சேர்வதே சரி. 1 கிலோ கறிக்கு 120 கிராமுக்கு மேல் போகாதீர்கள். ஊறிய தண்ணீரை என்ன செய்வது? பேரீச்சை, ப்ரூன் தண்ணீரை மண்டியை விட்டுத் தெளிவை மட்டும் எடுத்து ஆணத்திலேயே ஊற்றலாம், நல்ல கனமான ருசி. பளிச்சென்ற ஆரஞ்சு ஆப்ரிகாட் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கந்தகத்தில் ஒரு பங்கு அதில் இறங்கியிருக்கும்.

சட்டியில் ஏற்கெனவே தோலாகக் கிடக்கிற பழத்தை எடுத்து, அரை டம்ளர் வெறும் வெந்நீரில் 10 நிமிடம் தனியே கொதிக்கவிட்டுத் திரும்பப் போட்டால் ஓரளவு சரியாகும்.

ஆணம் கசக்கிறது

நூற்றுக்குத் தொண்ணூறு லூமிதான். எலுமிச்சையை உப்புத் தண்ணீரில் வேகவைத்து வெயிலில் காயவைத்தால் லூமி. ஓமான் பக்கத்துச் சரக்கு. புளிப்பும் லேசான புகை மணமும் தருவது அதன் சதையும் தோலும். கசப்பு வருவது விதையிலிருந்தும், அளவு மீறிக் கொதித்த தோலிலிருந்தும்.

லூமியை 15 நிமிடம் வெந்நீரில் போட்டு இளக்கிக்கொள்ளுங்கள். குறுக்கே பாதியாகப் பிளந்து, கத்தி முனையால் விதைகளைத் தட்டி எடுத்துவிடுங்கள். உள்ளே கருத்துக் காய்ந்த சதை தார்போல் ஒட்டியிருக்கும். அது இருக்க வேண்டியதுதான், சுரண்ட வேண்டாம். சாம்பல் பூத்தோ பஞ்சு படர்ந்தோ இருந்தால் மட்டும் அந்தக் காயை எறியுங்கள். 1 கிலோ ஆட்டுக்கறிக்கு 2 லூமி, அரைக் கிலோ மீனுக்கு 1. கறியில் 25 நிமிடம், மீனில் 10 நிமிடம். நேரம் முடிந்ததும் அகப்பையால் எடுத்து வெளியே போட்டுவிட வேண்டும். இரவு முழுக்கச் சட்டியிலேயே கிடந்தால், மாலையில் தேன்போல் இருந்த ஆணம் காலையில் கசாயம்.

லூமி போட்டால் புளியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். உப்பையும் கடைசியில் ருசி பார்த்துச் சேர்ப்பதே நல்லது, காய் கொஞ்சம் உப்பைச் சுமந்துகொண்டு வருகிறது. பொடித்துப் போடுகிறவர்கள் விதை நீக்கியே பொடிக்க வேண்டும். இறக்கும்போது கால் தேக்கரண்டி, அதற்குமேல் இல்லை.

கசந்த ஆணத்தை மீட்க, முதல் வேலை லூமியை வெளியேற்றுவது. பிறகு அரை டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால், சுண்டைக்காய் அளவு கருப்பட்டி, ஒரு சிட்டிகை உப்பு. உப்பு கசப்பை அமுக்கும் என்பதைப் பலர் நம்புவதில்லை. ஒரு கரண்டி குழம்பில் தனியே சோதித்துப் பாருங்கள். அதற்கும் அடங்காத கசப்புக்கு வழி ஒன்றுதான்: லூமி இல்லாமல் இன்னொரு பங்கு குழம்பு வைத்துக் கலப்பது.

லூமியே போடாமல் கசந்தால், பாகில் ஊறிய பழத்தை நெய்யில் கருகவிட்டிருப்பீர்கள். அதற்கு மருந்து இல்லை.

மீன் குழம்பு இனிக்கிறது

மாங்காய் வற்றலும் மாம்பழப் பட்டையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். கருவாட்டுக் குழம்புக்கும் விளமீன் குழம்புக்கும் வேண்டியது முதலாவது. பளபளப்புப் பொட்டலத்தில் வருவது இரண்டாவது, அநேகமாகச் சர்க்கரையோடு. மாற்றிப் போட்டால் குழம்பு ஜாம் வாடை அடிக்கும்.

பட்டைகளை எடுத்துவிட்டு, ஊறவைத்து அரைத்த முண்டு மிளகாய் விழுது 1 மேசைக்கரண்டி, நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல் சேர்த்துப் பச்சை வாசம் போகக் கொதிக்கவிடுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய் தடித்த தோல் கொண்டது; விழுது குழம்புக்குக் கனமும் நிறமும் தரும், இனிப்பு பின்வாங்கும். மீன் உடையாமலிருக்க முதலில் மீனைத் தனியே எடுத்து வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். மாம்பழப் பட்டை மீனுக்கு ஆகவே ஆகாதா என்றால், சீலா மீன் வறுவலுக்குத் தொட்டுக்கொள்ள அரைக்கலாம்: ஊறிய பட்டை 50 கிராம், முண்டு மிளகாய் 3, பூண்டு 4 பல், எலுமிச்சை அரை மூடி, உப்பு. குழம்புக்கு வேண்டாம்.

நெய்ச்சோறு குழைந்து கறை படிந்திருக்கிறது, அடியும் பிடித்துவிட்டது

அரிசியோடு பழத்தையும் சேர்த்தே உலையில் போட்டதன் பலன். பழம் தன் பாகை உலையில் விடும். அது அடியில் இறங்கிக் கருகும். ஊறிய பழமானால் கொண்டுவந்த தண்ணீர் வேறு கணக்கைக் கெடுக்கும்.

1 கிலோ சீரகச் சம்பாவுக்கு எல்லாப் பழமும் சேர்ந்து 100 கிராம் போதும். பழத்தை ஊறவைத்து, வடித்து, துணியில் ஒற்றி ஈரம் போக்கி, தம் போடும்போது மேலே தூவுங்கள். 10 நிமிட ஆவியே அதற்குப் போதும். நெய்யில் பொரித்துப் போட ஆசைப்பட்டால் கிஸ்மிஸை மட்டும் பொரியுங்கள், உப்பியதும் உடனே எடுத்துவிட வேண்டும். கிரான்பெர்ரியையும் அன்னாசியையும் அடுப்பை அணைத்த பிறகு மிச்சச் சூட்டு நெய்யில் புரட்டினால் போதும். ப்ரூன் சோற்றில் கருங்கறை விடும், அதைத் தாளிச்சாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2 ப்ரூனை மசித்துப் போட்டால் தாளிச்சாவில் புளியின் முரட்டுத்தனம் அடங்கும்.

அடிப்பிடித்த தேக்சாவை (சோறு ஆக்கிய பாத்திரத்தை) கிளறவே கூடாது. மேல்சோற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஒரு ரொட்டித் துண்டை மேலே வைத்து 10 நிமிடம் மூடினால் தீய்ந்த வாடையில் பாதி போகும்.

இறால் கூழாகிவிட்டது

அன்னாசி, பப்பாளி, அத்தி, கிவி நான்கிலும் இறைச்சியைக் கரைக்கும் நொதி உண்டு. பாகில் காய்ச்சியெடுத்த துண்டில் அது செத்திருக்கும். சர்க்கரை இல்லாமல் குறைந்த சூட்டில் உலர்த்திய துண்டிலும் பொடியிலும் உயிரோடு இருக்கலாம். ஆட்டுக்கறிக்கு அது உதவி. ஒரு மணி ஊறினால் பூப்போல் வேகும். இறால், கணவாய், மீன் தசைக்கு அது தாங்காது. இறாலை மசாலாவில் புரட்டி அரை மணி வைத்தால் மேல்பக்கம் வழவழவென்று மாவாகும்.

துண்டுகளை 5 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறிய பிறகே கடல் உணவில் சேருங்கள். பப்பாளிக்கு இன்னும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள், அதன் நொதி சூட்டுக்குச் சட்டென்று அடங்காது. கூழான இறாலைத் திரும்ப இறுக்க முடியாது. பொட்டுக்கடலை மாவு, வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து வடையாகத் தட்டிவிடுங்கள்.

கடல்பாசி இறுகவில்லை

கடல்பாசி (அகர்-அகர்) காய்ச்சி உறையவைக்கும் இனிப்பைப் பற்றி நோன்பு மாதத்தில் வரும் புகார். மன்னார் வளைகுடாவில் பாம்பன், சின்னப்பாலம் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் இந்தச் சரக்குக்கு மூலப்பொருள். ஊருக்கு அந்நியமான பொருளே இல்லை. ஆனாலும் பழம் சேர்ந்ததும் ஏன் தண்ணீராக நிற்கிறது என்ற கேள்வி தீர்ந்தபாடில்லை.

முதலில் கையிலிருப்பது கடல்பாசியா, ஜெலட்டினா என்று பாருங்கள். ஜெலட்டின் விலங்குப் புரதம். உயிருள்ள அன்னாசி நொதி பட்டால் எத்தனை நேரம் பிரிஜ்ஜில் வைத்தாலும் இறுகாது. ஹலால் முத்திரையும் பார்த்தாக வேண்டிய பொருள் அது. கடல்பாசி புரதமே அல்ல, நொதி அதை ஒன்றும் செய்யாது. அதைக் கெடுப்பது புளிப்போடு சேர்ந்த கொதி. ஆப்ரிகாட்டையோ கிரான்பெர்ரியையோ பாசியோடு ஒன்றாய்ப் போட்டுக் காய்ச்சினால் இறுகும் சக்தி அறுந்துபோகும்.

10 கிராம் பாசியை நறுக்கி, 750 மில்லி தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, அதே தண்ணீரில் மிதமான தீயில் நூல் ஒன்றும் தெரியாதபடி கரையும்வரை காய்ச்சுங்கள். 10 நிமிடமாவது ஆகும். அகப்பையைத் தூக்கினால் வழியும் நீரில் கண்ணாடித் துணுக்குகள் மிதக்கக் கூடாது. மிதந்தால் கரையவில்லை, இறுகாததற்கு அதுவே காரணமாகலாம். சர்க்கரை சேர்த்துக் கரைத்து, வடிகட்டி, இறக்கி 5 நிமிடம் கழித்து, தனியே வேகவைத்த வெதுவெதுப்பான பழம் 150 கிராமைக் கலந்து தட்டில் ஊற்றுங்கள். பழம் ஐஸ்போல் குளிர்ந்திருந்தால் பட்ட இடமெல்லாம் உடனே கட்டி தட்டும், பாசி 40 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே உறையத் தொடங்கிவிடும்.

இறுகாத தட்டை அப்படியே சட்டியில் ஊற்றி, பழத்தை வடித்தெடுத்து, புதிதாக 4 கிராம் பாசியை 100 மில்லி தண்ணீரில் தனியே முழுதாகக் கரைத்துச் சூட்டோடு கலந்தால் இறுகும். பழத்தை மறுபடி சேர்ப்பது கடைசியில்.

வட்டலப்பத்தில் பழம் அடியில் தங்கி, சுற்றிலும் தண்ணீர் விட்டிருக்கிறது

அதிகம் ஊறிய பழம் போட்டதால். முட்டையும் தேங்காய்ப்பாலும் கலந்து ஆவியில் வேகும் வட்டலப்பத்துக்கு 5 நிமிட ஊறல் போதும். துடைத்துப் பொடியாக நறுக்குங்கள். ஆவியில் 15 நிமிடம் வைத்து மேல்பக்கம் ஆடை கட்டிய பிறகு தூவி மூடுங்கள். கேக்கிலும் இதே கோளாறுதான்: பழத்தை 1 மேசைக்கரண்டி மைதாவில் புரட்டலாம், ஆனால் கலவை நீர்த்திருந்தால் மைதா காப்பாற்றாது. கேக்கில் கிரான்பெர்ரியைச் சுற்றி நீலமும் பச்சையுமாகத் தெரிந்தால் சோடா உப்பு கூடிவிட்டது என்று அர்த்தம். தின்னலாம், கெடுதல் இல்லை.

பழத்தின்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது

அத்தியிலும் பேரீச்சையிலும் பழத்திலுள்ள சர்க்கரை வெளியே வந்து படிகமாகும். அது கெட்டதல்ல. ஒரு பழத்தை வெந்நீரில் அமிழ்த்துங்கள்: சர்க்கரையானால் கரைந்து மறையும், விரலில் தேய்த்தால் நறநறக்கும். பூஞ்சை கரையாது, பஞ்சுபோலப் படர்ந்திருக்கும், பச்சையோ கருப்போ கலந்திருக்கும், ஈரச் சாக்கு வாடை அடிக்கும். அத்தியை இரண்டாகப் பிட்டு உள்ளேயும் பாருங்கள், வெளியே சுத்தமாக இருந்து நடுவில் கருத்திருப்பது உண்டு.

பூஞ்சை பிடித்தால் பொட்டலம் முழுவதும் குப்பைக்கு. கழுவி வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துவது சிக்கனமில்லை. சில பூஞ்சைகள் விடும் நஞ்சு சமைத்தாலும் போகாது. பழம் ஆரஞ்சாக இல்லாமல் பழுப்பாக இருப்பது மட்டும் கோளாறு ஆகாது. அது கந்தகம் காட்டாத ஆப்ரிகாட். இளைப்பு உள்ளவர்களுக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும், கந்தகம் காட்டியது சிலருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும்.

கடற்கரைக் காற்றில் மொட்டைமாடியில் உலர்பழத்தைக் காயப்போடாதீர்கள், காய்வதைவிட ஈரம் வாங்குவதே அதிகம். பொட்டலத்தைப் பிரித்த அன்றே 200 கிராம் பங்குகளாகப் பிரித்து, இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் புட்டிகளில் அடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் புட்டி பிரிஜ்ஜுக்குள்தான் இருக்க வேண்டும். எடுத்ததும் வெளிச்சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள், திறந்தால் உள்ளே வியர்க்கும். பேரீச்சையில் பூச்சி வருகிற வீடுகளில், வாங்கியதும் 4 நாள் பிரீசரில் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். பயன்படுத்தும்போது ஒவ்வொன்றையும் நெடுக்கே பிளந்து பார்த்தே போடுங்கள், உள்ளே கருந்தூள் இருந்தால் அது பூச்சி இருந்து போன பழம்.